பழைய சினிமா விளம்பரப் பக்கங்களை வெளியே எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர் பிருந்தா தியேட்டரை 2025 ஏப்ரலில் மூடியபோது எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. 1985ல் ரஜினிகாந்த் திறந்து வைத்த தியேட்டர் என்பதால் ‘ரஜினி தியேட்டர்’ என்றுதான் அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருஷம் அசோக் நகர் உதயம் போயிற்று. 2020ல் கொரோனா நேரத்தில் வடபழனி ஏவி.எம். ராஜேஸ்வரியும், எங்கள் தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் போயின. மூடுகிற வாரத்தில் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். அப்புறம் தகரம் வைத்து மறைத்து, உள்ளே இடிக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த வழியாகப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருந்தது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

இது பற்றி உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் பழைய நாளிதழ்களை பைண்டு செய்து வைத்திருப்பீர்கள். அதில் சினிமா விளம்பரப் பக்கங்கள் இருக்கும். சென்னையில் எந்தெந்தத் தெருவில் எந்தெந்தத் தியேட்டர் இருந்தது, எதில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறெங்கும் கிடையாது. அந்தப் பக்கங்களை வெளியே எடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் கணவர் வடசென்னையில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர். அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. அவர் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை இன்னும் நன்றாக எழுதியிருப்பார்.

அந்த விளம்பரங்களைப் படித்துத்தான் எங்கள் தெருவில் பல பெண்கள் எழுத்துக்கூட்டவே கற்றுக்கொண்டார்கள். படத்தின் பேருக்குக் கீழே கட்டம் கட்டித் தியேட்டர்களின் பேர் இருக்கும். சிவாஜி படம் என்றால் சாந்தி, கிரௌன், புவனேஸ்வரி. இந்த மூன்று பேரையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். 1973ல் உலகம் சுற்றும் வாலிபன் வந்தபோது தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. மவுண்ட் ரோட்டுக்கு ஒன்று, வடசென்னைக்கு ஒன்று, புரசைவாக்கம் பக்கத்துக்கு ஒன்று என்று கணக்கு. பெரிய நடிகரின் படமே இவ்வளவு பெரிய ஊரில் மூன்று, நான்கு தியேட்டரில்தான் வரும். பிரிண்ட், அதாவது படச்சுருளின் பிரதி, போடுவது செலவு பிடித்த வேலை என்பதால் குறைவாகத்தான் போடுவார்கள். அதனால்தான் ஒரு படம் நூறு நாள், இருபத்தைந்து வாரம் என்று ஓடியது. முதல் சுற்று முடிந்த பிறகு அதே பிரிண்ட் கீறல் விழுந்து சின்னத் தியேட்டர்களுக்கு வரும். கடைசியில் ஊர் எல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகைக்குப் போகும். காசு இருப்பவர் முதல் வாரத்தில் பார்ப்பார், இல்லாதவர் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பார். ஆனால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். இன்று முதல் மூன்று நாளுக்குள் போகாவிட்டால் படமே போய்விடுகிறது, டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் வார மளிகைச் செலவு ஆகிறது.

எங்கள் வடசென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் சினிமா என்றால் மவுண்ட் ரோட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் நிரம்ப வருத்தம். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31ஆம் தேதி வெளியானது ஜார்ஜ் டவுன் பக்கம் இருந்த கினிமா சென்ட்ரலில். அதுதான் பிறகு முருகன் டாக்கீஸ் ஆயிற்று. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் மூன்று தீபாவளியைக் கண்டது பிராட்வே டாக்கீஸில். தியாகராஜ பாகவதர் சிறைக்குப் போன பிறகும் அவர் படம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மின்ட் தெருவில் கிரௌன். அப்புறம் பிரபாத், மினர்வா, ஸ்ரீகிருஷ்ணா, பத்மநாபா, மகாராணி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், பின்னி மில்லில் ஷிஃப்ட் பார்த்தவரும், திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனவரும் கொடுத்த சில்லறையில் ஓடிய தியேட்டர்கள் இவை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தைப் பார்த்துத்தான் மேட்னி வைப்பார்கள். தமிழ் சினிமாவை வாழவைத்தவர்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் அந்தத் தரை டிக்கெட் ஜனங்களை முதலில் எழுத வேண்டும்.

அதிலும் பெண்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பழைய தியேட்டர் நினைவுகளைப் பெரும்பாலும் ஆண்கள்தான் எழுதுகிறார்கள். முதல் நாள் கூட்டம், கட்அவுட், பாலாபிஷேகம், விசில் என்று அவர்கள் கதை போகும். எங்கள் கதை வேறு.

எங்கள் தெருவில் கல்யாணமான பெண் தனியாகப் போகக்கூடிய இடங்கள் மூன்றுதான்: கோயில், மார்க்கெட், தியேட்டர். கோயிலில் உட்கார்ந்து பேச முடியாது, மார்க்கெட்டில் நிற்க நேரம் கிடையாது. தியேட்டரில்தான் இரண்டே முக்கால் மணி நேரம் யாரும் எங்களைக் கூப்பிட்டு வேலை சொல்ல முடியாது. காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்று முடித்த அக்காமார்கள் அன்னக்கூடையை எதிர்க்கடையில் வைத்துவிட்டு, முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு மேட்னிக்கு வருவார்கள். என் அம்மா சோற்றை வடித்துக் குழம்பை இறக்கி மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அத்தையோடு கிளம்புவாள். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். குழந்தை அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத பெண் வாங்கித் தோளில் போட்டுத் தட்டுவாள். யாரும் ‘உஷ்’ என்று திரும்பிப் பார்த்தது கிடையாது. சோகக் காட்சியில் மனம்விட்டு அழுவோம். வீட்டில் அழுதால் ஏன் என்று கேட்பார்கள், அங்கே கேட்க மாட்டார்கள். என் அம்மா அழுததெல்லாம் படத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது.

டிக்கெட் வாங்கப் பெண்களுக்குத் தனி வரிசை உண்டு, கூட்டமும் அதில் குறைவு. பெரிய படம் வந்தால் பக்கத்து வீட்டுப் பையன்கள் எங்கள் பின்னாலேயே நிற்பார்கள். “அக்கா, ஒரே ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கக்கா” என்று கெஞ்சுவார்கள். மற்ற நாளில் எங்களை அதட்டுகிற அண்ணன் தம்பிகள் அன்றைக்கு மட்டும் எங்கள் தயவை எதிர்பார்த்து நிற்பார்கள். அந்தக் குகை மாதிரியான கவுண்டர் வழி, இரும்புக் கம்பி, வியர்வை, உள்ளே கையை விட்டால் மணிக்கட்டில் முத்திரை குத்தி அனுப்புகிற டிக்கெட்காரர் எல்லாம் எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. செகண்ட் ஷோ முடிந்து நடு இரவில் பத்து, பதினைந்து பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டே நடந்து வருவோம். வழியில் படத்துக் கதாநாயகியை மாமியார் படுத்திய பாட்டைப் பேச ஆரம்பித்து, தெருமுனைக்கு வருவதற்குள் அவரவர் மாமியார் கதைக்கு வந்திருப்போம். நடந்து போகிற தூரத்தில் தியேட்டர் இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. மாலில் ஐந்தாவது மாடியில் இருக்கிற தியேட்டருக்கு என் வயதுப் பெண் ஒருத்தி துணையில்லாமல் கிளம்ப மாட்டாள். செல்போனில் டிக்கெட் போட ஒரு பிள்ளை வேண்டும், கொண்டுபோய் விட ஒரு வண்டி வேண்டும்.

இனி ஆப்பரேட்டர் அறையைப் பற்றி. அதைப் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன். இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலை மாட்டித் தயாராக வைக்க வேண்டும். இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். முடிகிற நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். அதுதான் சைகை. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது புள்ளி வரும், அந்த நொடியில் அடுத்த மெஷினுக்கு மாற்றிவிட வேண்டும். நன்றாக மாற்றினால் கீழே உட்கார்ந்திருப்பவர் எவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஆப்பரேட்டருடைய திறமை. சினிமா பார்க்கப் போனால் நான் கதையைப் பார்ப்பேன், என் கணவர் அந்த மூலையைப் பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வெளிச்சத்துக்கு அப்போது பல்பு கிடையாது. செம்புப் பூச்சுப் போட்ட இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் வைத்து, நடுவில் மின்சாரப் பொறி எரிய வைப்பார்கள். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மங்கும். சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். புகை போகக் குழாய் வைத்திருப்பார்கள், இருந்தாலும் சட்டையெல்லாம் அந்த வாசனை இருக்கும். துவைத்தாலும் போகாது. ஏசி கிடையாது, சித்திரை மாதத்தில் பனியனோடுதான் நிற்பார். ஃபிலிம் அறுந்தால் ஜனங்கள் கத்துகிற கத்தலுக்கு நடுவில் பிளேடால் சுரண்டி, சிமெண்ட் என்று சொல்கிற ஃபிலிம் பசையைத் தடவி ஒட்டி, ஓரிரு நிமிஷத்தில் மறுபடி ஓட விடுவார். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டருக்கு வைத்துக்கொண்டு ஓட்டிய காலமும் உண்டு. ஒரு தியேட்டரில் ரீல் முடிந்ததும் பையன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த தியேட்டருக்கு மிதிப்பான். மழை வந்தாலோ ரயில்வே கேட் போட்டாலோ அங்கே விளம்பர ஸ்லைடுதான் ஓடும்.

தேய்ந்த கார்பன் துண்டுகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். பிள்ளைகள் அதில்தான் வாசலில் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போடுவார்கள். அறுந்த ஃபிலிம் துண்டுகளை வைத்து, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, பூதக்கண்ணாடி பிடித்து, வேட்டியில் படம் காட்டுவார்கள். தெருப்பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

பிறகு செனான் விளக்கு வந்தது. அதன் பிறகு டிஜிட்டல். ரீல் பெட்டி வருவது நின்று ஹார்டு டிஸ்க்கும் சாட்டிலைட்டும் வந்தபோது, வருஷக்கணக்கில் அந்த அறையில் வெந்தவரிடம் இனி வர வேண்டாம் என்று ஒரு மாலையில் சொல்லி அனுப்பினார்கள். சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதிதான் வந்தது. அந்தத் தியேட்டரின் பேரை இங்கே சொல்ல எனக்கு மனம் இல்லை. அவருக்கு அந்த இடத்தின் மேல் கடைசிவரை கோபம் வரவில்லை.

டிரைவ்-இன் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா இருந்தது. காரை நிறுத்திவிட்டுத் திறந்தவெளியில் பெரிய திரையைப் பார்க்கிற தியேட்டர். அது பணக்காரர்களுக்கு என்று எங்கள் பக்கத்தில் நினைத்திருந்தோம். என் பெரியவன் வாடகை வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகு குடும்பத்தோடு போனோம். அங்கே போய்ப் பார்த்தால், காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் காருக்கு வெளியே பாய் விரித்து, தூக்குவாளியைத் திறந்து, புளிசாதமும் பிரியாணியும் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு படம் பார்த்தார்கள். இருட்டினால்தான் படம் போட முடியும், அதனால் கோடையில் பொழுது சாய்கிறவரை பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். கடல் காற்று வரும். என் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, இதுதானே நம் கீற்றுக் கொட்டகை என்றார். அவர் சொன்னது சரிதான். காற்று வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து படம் பார்க்கிற பழைய சுகம் சென்னையில் கடைசியாக இருந்தது அங்கேதான். அந்த நிலமும் கட்டடக் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது என்று கேள்விப்பட்டபோது, அகஸ்தியாவுக்கு வந்த அளவு துக்கம் எனக்கு இதற்கும் வந்தது.

மவுண்ட் ரோட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அங்கே எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெமினி பக்கம் 1964ல் வந்த சஃபையர், அதே வளாகத்தில் புளூ டயமண்ட், எமரால்டு. புளூ டயமண்டில் காலையிலிருந்து ராத்திரி வரை நிறுத்தாமல் ஓடும், எந்த நேரமும் உள்ளே போகலாம். ஊருக்கு ரயில் ஏற வந்தவர்கள் வெயிலுக்கு அங்கே போய் உட்காருவார்கள். 1961ல் திறந்த சாந்தி 2016ல் மூடியது. ரகுபதி வெங்கையா 1914ல் கட்டிய கெயிட்டியும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் கையில் இருந்த தொழிலில் நம்மவர் ஒருவர் துணிந்து முதல் போட்டுக் கட்டிய கொட்டகை அது. அதை இடித்தபோது ஒரு கல்லாவது நட்டிருக்கலாம்.

ஆனால் ஒன்று மட்டும் நிற்கிறது. வார்விக் மேஜர் என்பவர் 1913ல் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர். 1915லேயே தபால் துறை வாங்கிவிட்டதால் பிழைத்தது. இன்றும் அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்துக்குள், தபால்தலை சேகரிப்பு மையமாக இருக்கிறது. இரண்டு வருஷம்கூடத் தியேட்டராக நீடிக்காத கட்டடம் நூறு வருஷத்தைத் தாண்டி நிற்கிறது, ஐம்பது வருஷம் ஓடியவை மண்ணோடு போயின. மணியார்டர் அனுப்பப் போகிற காலத்தில் எத்தனையோ தடவை அந்த வளாகத்துக்குள் நின்றிருக்கிறேன். அதுதான் சென்னையின் மிகப் பழைய சினிமாக் கொட்டகை என்று என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி என் கோரிக்கை. ஆசிரியர் அவர்களே, வாரம் ஒரு நாள், உங்கள் பழைய சினிமா விளம்பரப் பக்கம் ஒன்றை அப்படியே மறுபடி அச்சிடுங்கள். கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். அதில் வருகிற தியேட்டர்கள் எந்தத் தெருவில், எதற்கு எதிரில் இருந்தன, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று வாசகர்களைக் கேளுங்கள். எழுதுவார்கள். என் வயதுக்காரர்களுக்கு இது மருந்து மாத்திரையைவிட நன்றாக நினைவில் இருக்கிறது. ஒரு வருஷத்தில் சென்னை முழுவதற்கும் தியேட்டர் வரைபடம் கிடைத்துவிடும். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மாநகராட்சியிடம் கேட்கலாம்: பழைய தியேட்டர் இருந்த இடத்தில் எந்தக் கட்டடம் வந்தாலும், வாசலில் தியேட்டரின் பேரும் திறந்த வருஷமும் மூடிய வருஷமும் பொறித்த ஒரு கல் இருக்க வேண்டும் என்று. கட்டட அனுமதி கொடுக்கும்போதே இதை ஒரு நிபந்தனையாக வைத்துவிட்டால் பெரிய செலவு கிடையாது. தபால் துறையும் எலெக்ட்ரிக் தியேட்டரின் வரலாற்றைத் தமிழில் பெரிதாக எழுதி, ரோட்டில் போகிறவர் கண்ணில் படும்படி வைக்கலாம்.

இன்னும் ஒன்று. ஆப்பரேட்டர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், இடைவேளையில் முறுக்குத் தட்டு சுமந்தவர்கள், பானர் வரைந்தவர்கள், இரவில் பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டப் போனவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. நடிகர்களின் பேட்டி நிறைய வந்துவிட்டது, இவர்களிடம் ஒரு நிருபரை அனுப்புங்கள். எங்கள் பேட்டையிலேயே என் கணவரோடு வேலை பார்த்த இருவர் இருக்கிறார்கள், அழைத்துப்போய்க் காட்டுகிறேன். பேச உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

என்னிடம் அவருடைய ஆப்பரேட்டர் சான்றிதழ் இருக்கிறது. ஃபிலிம் ஒட்டுகிற சின்ன மெஷின் ஒன்று, இரண்டு காலி ஸ்பூல், பயன்படுத்தாத கார்பன் குச்சிகள் ஒரு பெட்டி, நூறாவது நாள் ஷீல்டு ஒன்று ஆகியவையும் இருக்கின்றன. காயலான் கடைக்குப் போட என் பிள்ளைகள் விடவில்லை. அரசோ பத்திரிகையோ ஒழுங்காகப் பாதுகாக்கிற ஓர் இடம் ஏற்பாடு செய்தால் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறேன். என்னைப் போல் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு எழுதட்டும். முதல் பக்கமாக எதைப் போடுவது என்று யோசித்தால், 1973 மே மாதத்துப் பக்கங்களில் ஒன்றைப் போடுங்கள். அந்த மாதம் வடசென்னையில் எத்தனை தியேட்டர் ஓடின என்பது அதிலேயே தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.